கடனும் பாவமும்: சபரகமுவத் தோட்டங்களும் மீட்புக் கோட்பாடும்

பாவம், மனந்திரும்புதல், மீட்பு ஆகியன கிறிஸ்தவ இறையியலின் அடிப்படைக் கருத்துகள். அவை தனிமனிதனின் ஆன்மாவைப் பற்றியன என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும் எக்கருத்தும் அதனைச் சொல்வோரும் கேட்போரும் வாழும் சமூக உறவுகளுக்கு வெளியே நிற்பதில்லை. ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை முதலாய ஊர்களைச் சூழ்ந்த களனிப் பள்ளத்தாக்கில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை முன்வைத்து இக்கருத்துகளை நோக்குவது பயன்தரும்.

இலங்கையின் தோட்டத் தொழிலாளரிடையே சீர்திருத்தக் கிறிஸ்தவம் அமைப்புமுறையாகப் பரவத் தொடங்கிய ஆண்டு 1854. கண்டிப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் சர்ச் மிஷன் சங்கம் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் பணியைத் தொடங்கிற்று. அதன் பெயரே கேட்போர் யாவர் என்பதைப் புலப்படுத்தும். திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். பணிக்கான பொருளுதவியில் தோட்டத் துரைமாரின் சந்தாவும் இடம்பெற்றது. இரட்சிப்பின் செய்தியை அறிவித்தவர் உழைப்பாளியின் மொழியைப் பேசினார். அதற்கான செலவின் ஒரு பகுதியை உழைப்பை வாங்கியவர் ஏற்றார். இம்முரண்பாடு கவனிக்கத்தக்கது.

அக்காலத் தொழிலாளியின் வாழ்வைக் கட்டுப்படுத்திய தலையாய காரணி கடனாகும். ஊரில் கங்காணி கொடுத்த முற்பணமும் பயணச் செலவும், அவன் தோட்டத்தில் கால்வைக்கும் முன்னரே அவன் பெயரில் கணக்காயின. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். அவனுடைய கடனைச் செலுத்துபவரிடம் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து அவனைப் பெறும். கடன் தீராது, கடன்கொடுத்தவரே மாறுவர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வேலையைவிட்டு ஓடுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது.

இப்பின்னணியில் விவிலியத்தின் சொல்லாட்சியை நோக்குதல் வேண்டும். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல் குறித்தது. அவர் கற்பித்த மன்றாட்டு, மத்தேயுவின் சுவிசேஷத்தில் கடன்களின் மன்னிப்பையும் லூக்காவின் சுவிசேஷத்தில் பாவங்களின் மன்னிப்பையும் வேண்டுவதாக அமைந்துள்ளது. மீட்பு என்பதும் தொடக்கத்தில் அடிமையை விலைகொடுத்து விடுவித்தலையே குறித்தது. தமிழிலும் அடகு வைத்த நகையை மீட்பது என்று இன்றும் வழங்குகிறோம். 'இரட்சிப்பு' என்னும் வடசொல் காத்தலை முன்னிறுத்துகிறது. 'மீட்பு' என்னும் சொல்லோ பிணையையும் விலையையும் நினைவூட்டுகிறது. தன்னையே துண்டில் பிணையாக வைத்திருந்த தொழிலாளிக்குக் கடன் மன்னிப்பு வெறும் உவமையாக மட்டும் ஒலித்திருக்க இயலாது.

ஆனால், ஆன்மாவின் கடன் இலவசமாகத் தள்ளுபடியாகும் என்ற போதனை, கங்காணியின் கணக்கேட்டைத் தொடவில்லை. பாவத்தைத் தனியொருவனின் ஒழுக்கக் கேடாகக் காணும்போது, கடன்பட்டவனே பாவியாகிறான். கடனை உற்பத்தி செய்த அமைப்பு குற்றமற்றதாகிறது. 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் உபதேசிமாரை அனுப்பிய அதே திருநெல்வேலி மண்ணில் தோன்றியது. அதன் மூலமான பனியனின் நூலில் பயணியின் முதுகுச் சுமை பாவத்தின் குறியீடு. தோட்டத்திலோ சுமை குறியீடன்று. முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை அது.

இதனால் மிஷன் பணியை முதலாளியத்தின் கருவி என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றி 1844இல் வெளியான கட்டுரையில் மார்க்ஸ், சமயத்தை மெய்யான துயரின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான மறுப்பாகவும் ஒருங்கே கண்டார். மருந்தின் மயக்கத்தைப் பேசுவோர் அந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றனர். சாதியாலும் வேலையாலும் இழிவுபடுத்தப்பட்டவனுக்கு, உனக்கும் விலைமதிக்கவொண்ணா ஆன்மா உண்டு என்று சொல்லப்பட்டது, எழுத்தும் கற்பிக்கப்பட்டது. பேரேட்டில் ஓர் எண்ணாயிருந்தவனுக்கு இவை சிறியனவல்ல.

மறுப்பின் அரசியல் வடிவம் வேறு திசையிலிருந்து வந்தது. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணிபுரிந்த என். எம். பெரேரா, 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1940இல் மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவ்வேலைநிறுத்தத்தை வழிநடத்தியது சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கமே. தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர். எனினும் 1964 ஒக்டோபரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, ருவான்வெல்லையின் அதே முன்னாள் பிரதிநிதி நிதியமைச்சராயிருந்தார். தொழிலாளரிடம் கேளாமலே அவர்கள் எண்களாகப் பங்கிடப்பட்டனர். துண்டுச் சீட்டின் தருக்கம் இரு அரசுகளின் ஒப்பந்தத்தில் மீண்டும் தலைகாட்டிற்று எனலாம். மனந்திரும்புதல் என்னும் சொல் இடதுசாரி இயக்கத்துக்கும் அந்நியமாக இருத்தலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அச்சொல்லுக்குச் சமூகப் பொருள் தந்தோர் பின்னர்க் கிறிஸ்தவருள்ளும் தோன்றினர். 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவிய யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் குரல்கொடுத்தார். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர்; 1983 யூலையில் வன்முறை நாடெங்கும் பரவியது. அதன்பின் குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் இலட்சுமன் விக்கிரமசிங்க, தாமும் சிங்களவராய் நின்று, தம் சமூகம் வெட்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென உரைத்தார். கையில் கல்லெடாதவனும் கூட்டுக் குற்றத்தில் பங்காளியாதல் கூடும் என்பது அந்நிலைப்பாட்டின் உட்கிடை. இங்கே பாவம் தனிமனித ஒழுக்கத்திலிருந்து சமூக உறவுக்கு நகர்கிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைப் பிரச்சினைக்குப் பெருமளவு முடிவுகண்டது. எனினும் சொந்தக் காணியின்றி லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் உள. மத்தேயுவின் சொல்லை அதன் முழுப் பொருளிற் கொள்வோமாயின், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் வினா முதலில் எழுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழிலாளியின் பக்கத்தில் எழுதப்பட்டுவந்த பற்று, உண்மையில் நாடு அவனுக்குச் செலுத்தவேண்டிய நிலுவையாகும். அதனை ஒப்புக்கொள்ளுதல் மனந்திரும்புதலின் தொடக்கம்; காணியாகவும் கூலியாகவும் செலுத்துதலே அதன் நிறைவு.