விலையும் கூர்மையும்: சவரக் கத்தியின் வரலாறு

ஒரு பொருளின் விலை உயர்ந்திருந்தால் அதன் பயனும் உயர்ந்திருக்கும் என்று நம்புவது மக்கள் இயல்பு. இந்நம்பிக்கையை இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பொய்யாக்கி வரும் சிறு கருவி ஒன்று உண்டு. அதுவே மடக்குச் சவரக் கத்தி. உயர்ந்த விலைக்கு வாங்கிய கத்தி மழுங்கிக் கிடப்பதும், மலிந்த விலைக்கு வாங்கிய கத்தி மயிரை மாசறக் களைவதும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கூர்மை என்பது கடையில் விற்கப்படும் சரக்கன்று. கல்லும் கையும் பொறுமையும் கூடிப் பிறப்பிப்பது. இவ்வுண்மையை உலகம் கற்றதும், கற்றபின் மறந்ததும் சுவையான வரலாறு ஆகும்.

தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளும் வழக்கம் நாம் எண்ணுவது போல் தொன்மையானதன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அது நாவிதர் தொழிலாகவே இருந்தது. 1769ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெர்ரே என்பார், ஒருவர் தம்மைத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூல் கத்தியைப் பிடிக்கும் முறையோடு நின்றுவிடவில்லை. தீட்டுவதற்கேற்ற கற்களை அறியும் வகையையும், தோல்வாரைப் பதப்படுத்தும் வழியையும் விரித்துரைத்தது. கத்தியைத் தீட்டத் தெரியாதவர்க்குக் கத்தியால் பயனில்லை என்பதைத் தொழிலறிந்த அப்பெரியார் தெளிவாக உணர்ந்திருந்தார்.

வீடுதோறும் கத்தி புகவே, போலிக் கத்திகளும் புகுந்தன. 'பீட்டர் பிண்டார்' என்னும் புனைபெயரில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் ஜான் உல்காட் இதனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எள்ளி நகையாடினார். அவர் பாட்டில் வரும் பட்டிக்காட்டான் ஒருவன், பதினெட்டுப் பென்னிக்குப் பன்னிரண்டு கத்திகள் கிடைக்கின்றனவே என்று மகிழ்ந்து வாங்குகிறான். மழிக்கப் புகுந்து படாத பாடு படுகிறான். விற்றவனைத் தேடிப்பிடித்துக் கேட்டால், அவை மழிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, விற்பதற்காகவே செய்யப்பட்டவை என்று அவன் கூசாமல் விடை பகர்கிறான். இன்றைய அங்காடிக்கும் இக்கதை பொருந்துமன்றோ!

நல்ல கத்திக்கு நல்ல எஃகு வேண்டும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரையடுத்த சிற்றூரில் கடிகாரத் தொழிலாளியான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், 1740ஆம் ஆண்டையொட்டி, எஃகை மூசை எனப்படும் மண்கலத்தில் இட்டு முழுதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். ஆயினும் மூசையில் எஃகு ஆக்கும் கலை தென்னாட்டுக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பழந்தமிழர் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் ஐரோப்பியர் இத்தென்னாட்டு எஃகை 'வுட்ஸ்' என்று அழைத்தனர். 'உக்கு' என்னும் தென்மொழிச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. பம்பாயிலிருந்து அனுப்பப்பெற்ற வுட்ஸ் எஃகை ஆராய்ந்து, ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். அதன்பின் ஸ்டோடார்ட் என்னும் கத்திக் கொல்லரும், மின்னியலில் பின்னர்ப் பெரும்புகழ் எய்திய மைக்கேல் பாரடேயும் கூடி, வுட்ஸின் மறைபொருளை அறிய முயன்றனர். 1820ஆம் ஆண்டிலும் 1822ஆம் ஆண்டிலும் அவர்தம் ஆய்வுகள் வெளிவந்தன. அவர்கள் செய்த கலப்பு எஃகினால் சவரக் கத்திகளும் செய்யப்பெற்றன.

அவ்வாய்வில் எஃகுடன் ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த கலவையும் ஒன்று. அதன் புகழ் பரவவே, 'வெள்ளி எஃகு' என்னும் முத்திரை எண்ணற்ற கத்திகளில் ஏறியது. முத்திரை ஏறிய வேகத்தில் வெள்ளி ஏறவில்லை. பெயரை நம்பியா, வாயை நம்பியா கத்தியை வாங்குவது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

எஃகு மலிந்த வரலாற்றிலும் தமிழகத் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் கும்பினியாரிடம் பணிபுரிந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். பின்னர் இங்கிலாந்து திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீசுச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் மலிந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு பெறலாம் எனக் கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டில் எஃகின் விலை பெரிதும் இறங்கியது. பலர் பயன்பெற்றனர், கண்டறிந்தவரோ உரிமை வழக்குகளில் உழன்று பொருளிழந்தார்.

விலை இறங்கியதற்கு வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. ஷெபீல்டில் கத்தி முதலிய கருவிகளைச் சாணை பிடித்த தொழிலாளர், கல்தூசியும் இரும்புத்தூசியும் கலந்த காற்றைச் சுவாசித்து நுரையீரல் நோயுற்றனர். நீரின்றி உலர்சாணை பிடித்தோர் பலர் இளமையிலேயே மாண்டனர். கால்வர்ட் ஹாலண்டு என்னும் மருத்துவர் 1843இல் இக்கொடுமையை நூலாக எழுதி வெளிப்படுத்தினார். மழமழப்பான முகங்களுக்குப் பின்னே இத்துணை மூச்சுத் திணறல் இருந்தது என்பதை வரலாறு மறக்கலாகாது.

தமிழகத்தில் இக்கலையைக் காத்து வந்தவர் நாவிதர். அடைப்பத்தில் கத்தியும் கல்லும் வாரும் சுமந்து வந்த அவர், பல ஊர்களில் கட்டி அறுக்கும் மருத்துவராகவும் விளங்கினார். அவர் இல்லத்து மகளிர் மருத்துவச்சியராக நம் முன்னோரை மண்ணில் ஏந்தினர். சில நொடிகள் வாரில் தீட்டிய அளவில் கத்தியை உயிர்ப்பிக்கும் அவர்தம் கைத்திறனால் பயன்பெற்ற சமுதாயம், அதற்குரிய மதிப்பை அவர்க்கு அளிக்கத் தவறியது. அது நம் வரலாற்றின் நீங்காத கறை.

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் தம் பாதுகாப்புக் கருவியை விற்கத் தொடங்கினார். முதலாண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. அடுத்த ஆண்டிலேயே விற்பனை பல்லாயிரமாகப் பெருகியது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு இக்கருவி வழங்கப்பெற்றபின், மழுங்கிய அலகைத் தீட்டாமல் எறிவதே நாகரிகம் ஆயிற்று. இந்தியாவில் 1986ஆம் ஆண்டு சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் ஒருவர்க்கு இட்ட அலகை மற்றவர்க்கு இடலாகாது என்னும் விழிப்பு முடிதிருத்தகங்களில் பரவியது. அது முற்றிலும் நன்றே. ஆயினும் தீட்டும் கலை அத்துடன் கடையையும் விட்டு நீங்கியது.

இந்நாளில் அக்கலை வீட்டில் மீண்டும் தளிர்க்கிறது. சீனத்திலும் பிற நாடுகளிலும் செய்த மலிந்த கத்திகளை வாங்கித் தாமே திருத்திக்கொள்வோர் உலகெங்கும் உளர். இத்தகைய கத்திகளில் எஃகு குறையுடையது என்பதைவிட, இறுதி வேலை குறையுடையது என்பதே பெரும்பாலும் உண்மை. கத்தியைக் கல்லில் படுக்க வைக்கும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்து தேய்வதால் கோணம் மாறுவதில்லை. ஏறக்குறைய 16 முதல் 18 பாகை வரையிலான அக்கோணத்தைக் கத்தியே தன் உடலில் தாங்கி நிற்கிறது. பழங்கொல்லரின் நுண்ணறிவு இதுவே! மலிந்த கத்தியிலோ, அலகு காம்பைச் சேரும் இடத்தில் தடித்த தோள் ஒன்று கல்லில் முட்டி, வாய் கல்லில் படியாமல் தடுக்கிறது. முதுகிலும் வாயிலும் மையைத் தடவி மெல்ல ஒருமுறை கல்லில் இழுத்தால், மை அழிந்த இடமும் அழியாத இடமும் குறையைக் காட்டிக் கொடுக்கும்.

அத்தோளைச் சமதளக் கண்ணாடிமேல் ஒட்டிய நீர் உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தல் வேண்டும். மின்சாணையை நாடுதல் ஆகாது. எஃகு சூடேறி நீலம் பூத்தால் பதம் போய்விடும். போன பதம் தீட்டினால் திரும்பாது. நீர் விட்டுத் தேய்த்தால் சூடும் ஏறாது, தூசியும் பறக்காது. பின்னர் 1000 எண் கல்லில் வாய் முன்செல்லத் தள்ளி, வாய் முழுதும் ஒருசீராகும் வரை தீட்டி, 4000, 8000 எண் கற்களில் மெருகேற்ற வேண்டும். முடிவில் தோல்வாரில் முதுகு முன்செல்ல ஐம்பது அறுபது முறை இழுத்தல் போதும். கல்லில் வாய் முந்த வேண்டும். வாரில் முதுகு முந்த வேண்டும். இம்முறை மாறினால் வார் அறுபடும், கூரும் கெடும். அலகே முறுக்கிக் கொண்ட கத்தியாயின் அதனோடு போராடாது விலக்குதலே அறிவுடைமை. ஒருவர் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. சிறுவர் கைக்கு எட்டும் இடத்தில் அது இருத்தலும் ஆகாது.

பெர்ரே கற்பிக்க விரும்பியதும், அடைப்பம் சுமந்தவர் அறிந்திருந்ததும் ஒன்றே. மலிந்த பொருள் என்பதனால் எறிந்துவிடாமல், அதன் குறையை அறிந்து திருத்தும் கை உடையவனே அப்பொருளுக்கு உரியவன் ஆகிறான். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், உடன் எடுத்து வந்த பொருள்கள் சில. விட்டு வந்தவை பல. கைத்தொழில் அறிவோ எடை இல்லாதது. எவ்வூர்க்கும் உடன் வருவது. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதனைக் காத்து வந்த தொழிலாளர்க்கு உரிய மதிப்பை மனமுவந்து அளிப்போம்.