வயல்களுக்கு நடுவே ஒரு வங்கி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பால்பண்ணைகளும் தானிய வயல்களும் சூழ்ந்த சிற்றூர் ஓவடோனா. 1908-இல் அங்கே நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கி தன் புதிய கட்டடத்தைத் திறந்தபோது ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் நவீனக் கட்டடக்கலையின் வரலாற்றில் இந்த வங்கிக்கு நிலையான இடம் உண்டு.

வரிசைத் தூண்களும் முக்கோண முகப்புமாகக் கிரேக்கக் கோயிலின் சாயலில் வங்கிகளைக் கட்டுவதே அன்றைய வழக்கம். வங்கி எப்போது முறியுமோ என்று மக்கள் அஞ்சிய காலம் அது. கல்தூண்களைப் பார்த்தாவது நம்பிக்கை வரட்டும் என்று முதலாளிகள் நினைத்தார்கள். ஓவடோனா வங்கியின் துணைத்தலைவர் கார்ல் பென்னட்டுக்கு இந்தப் போலிக் கம்பீரம் பிடிக்கவில்லை. ஹார்வர்டில் படித்த அவர் இசையில் ஊறியவர். 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழில் 1906-இல் வந்த லூயிஸ் சல்லிவனின் கட்டுரையைப் படித்தவர், அவரையே அழைத்துவிட்டார்.

சல்லிவன் வானளாவிய கட்டடங்களின் முன்னோடி. ஃபிராங்க் லாயிட் ரைட்டின் குரு. ஆனால் கூட்டாளி ஆட்லரை 1895-இல் பிரிந்தபின் அவருக்கு வேலை வருவது குறைந்துகொண்டே போயிற்று. சிகாகோ மறக்கத் தொடங்கியவரைத் தேடி ஒரு சிற்றூர் வங்கி வந்தது.

அவர் கட்டியது 68 அடிச் சதுரத்தில் அமைந்த, பெட்டி போன்ற ஒரு கூடம். அடியில் செம்மணற்கல், மேலே சொரசொரப்பான பல நிறச் செங்கல். தெருவைப் பார்த்த இரு பக்கங்களிலும் 36 அடி அகல வளைவு ஒவ்வொன்று; அதை நிறைக்கும் வண்ணக் கண்ணாடி லூயி மில்லே செய்தது. உள்ளே சுவரோவியங்களில் ஆஸ்கர் கிராஸ் வரைந்தது தேவதைகளை அல்ல; மேயும் பசுக்களையும் அறுவடையையும். பச்சையும் பழுப்புமான ஒளியில் வார்ப்பிரும்பு விளக்குக் கொத்துகள் நான்கு தொங்கின. ஒவ்வொன்றின் எடையும் இரண்டு டன்னுக்கு மேல். உழவர்கள் உட்கார்ந்து பேசத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. கடன் கேட்க வரும் விவசாயியை விருந்தாளியாக எண்ணி வரைந்த திட்டம் இது என்பதில் ஐயமில்லை.

இந்த அலங்காரங்களில் பெரும்பகுதியை வரைந்தவர் சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் 1909-இல் சல்லிவன் அவரை அனுப்ப நேர்ந்தது. அதே ஆண்டு தன் புத்தகங்களையும் கலைப்பொருள்களையும் ஏலத்தில் விட்டார். ஆனாலும் ஓவடோனாவைத் தொடர்ந்து ஐயோவா, ஒஹையோ, இந்தியானா, விஸ்கான்சின் சிற்றூர்களிலிருந்து அவருக்கு வங்கி வேலைகள் வந்தன. அவற்றில் கடைசியான, விஸ்கான்சினின் கொலம்பஸ் ஊர் வங்கி 1919-இல் முடிந்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் புஷலுக்கு 2 டாலரைத் தாண்டிய கோதுமை, 1921 வாக்கில் ஏறத்தாழ பாதி விலைக்கு விழுந்தது. நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கிய உழவர்களால் வங்கிகளுக்குத் திருப்பித்தர முடியவில்லை. சல்லிவன் 1924-இல் வறுமையில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1926-இல், பென்னட்டின் வங்கியும் மூடப்பட்டது.

பின்னர் வேறு வங்கி அங்கே குடியேறியது. 1940-இல் நடந்த புதுப்பித்தலில் பழைய காசாளர் கூண்டுகள் பிய்த்தெறியப்பட்டன. இக்கட்டடத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுவே. 1950-களின் பிற்பாதியில் கட்டடக்கலைஞர் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் கட்டடத்தைக் கனிவோடு சீரமைத்தார். 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1981-இல் வெளியான 18 சென்ட் அஞ்சல்தலையில் கட்டடத்தின் படத்தோடு சல்லிவனின் பெயர் இடம்பெற்றது. எல்ம்ஸ்லியின் பெயர் இல்லை.