அத்திவாரம் வெட்டும் நாளிலேயே பேசுங்கள்: எல்லை தாண்டும் கட்டடமும் நமது காணியும்

2013ஆம் ஆண்டு ஒரு காலை, பக்கத்து வளவில் அத்திவாரம் வெட்டக் கட்டியிருந்த நூல் எங்கள் மாமரத்தடிக்குள் வந்திருப்பதைக் கண்டேன். கட்டுபவர்கள் அந்நியர் அல்லர். சின்னம்மாவின் மகளும் அவளது கணவரும். 2007இல் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது ஒரே தோணியில் வாவியைத் தாண்டியவர்கள் நாங்கள். முகாமில் எங்கள் கூடாரங்கள் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. அதனால் நான் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன். நான்காம் நாள் கேட்கப் போனபோது கொங்கிறீற் இறுகிவிட்டிருந்தது.

"நாங்க நூல் புடிச்சித்தான் வெட்டின அக்கா. பழைய வேலி இதுதானே?" என்றாள் தங்கச்சி. அவள் பொய் சொல்லவில்லை. பழைய வேலி எது என்பது எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்தச் சிக்கலில் இருந்து வெளியே வர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

எல்லைகள் ஏன் தொலைந்தன?

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே சீதனமாகப் போகும். தாயின் வளவை அக்காவும் தங்கையும் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்து வீடு கட்டுவார்கள். ஆகவே இங்கே எல்லைச் சண்டை என்பது பல வேளைகளில் குடும்பச் சண்டைதான். சகோதரிகளுக்கிடையில் பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் வேலி போதுமாக இருந்தது. யாரும் எல்லைக்கல் போடவில்லை.

1978 நவம்பர் சூறாவளி மரங்களைச் சாய்த்தது. 1990இல் ஊர்கள் வெறுமையாகின. 2004 சுனாமி கல்லடி, நாவலடிப் பக்கத்தில் வேலியையும் மதிலையும் வழித்துக்கொண்டு போனது. 2006, 2007 இடப்பெயர்வில் வாகரையும் படுவான்கரையும் காலியாகின. திரும்பி வந்தவர்கள் நினைவில் இருந்த இடத்தில் தகரத்தை நட்டார்கள். எங்கள் வேலியும் அப்படி நட்டதுதான்.

பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. இப்படியான திட்டங்களில் ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த கட்டப் பணம். அந்த அவசரத்தில் அளந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதல் வேலை: பேசுவதும் படம் எடுப்பதும்

நூல் கட்டிய அன்றே போய்ப் பேசுங்கள். "நீங்கள் என் காணியைப் பிடித்துவிட்டீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "அளக்கும் வரை இந்தப் பக்க வேலையை நிறுத்தி வையுங்கள், செலவில் பாதி நான் தருகிறேன்" என்று கேளுங்கள். கிடங்கு மட்டும் வெட்டியிருந்தால் மூடிவிட்டு ஓரடி தள்ளி வெட்டலாம். கொங்கிறீற் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் செலவு ஏறும், பிடிவாதமும் ஏறும்.

கேட்கவில்லையென்றால் திகதியிட்டுக் கடிதம் எழுதி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வேலை நடக்கும் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து வையுங்கள். பழைய மரம், கிணறு போன்ற அசையாத அடையாளம் ஒன்று படத்தில் தெரிய வேண்டும்.

இரவோடு இரவாகப் போய்ச் சுவரை இடிக்காதீர்கள். உரித்து உங்களுடையதாக இருந்தாலும் குற்ற வழக்கில் நிற்கப்போவது நீங்கள்தான்.

உறுதியும் அளவையும்

எங்கள் உறுதி 1974இல் அம்மம்மா மூன்று மகள்மாருக்கும் எழுதியது. அளவு பாகத்தில் இருந்தது. ஒரு பாகம் ஆறு அடி. இணைத்த வரைபடம் எதுவும் இல்லை. வீட்டில் இருந்த பிரதி இடப்பெயர்வில் போய்விட்டது. உறுதி தொலைந்தால் உரித்துத் தொலைந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டுபோய் விண்ணப்பித்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால், அயல் காணிக்காரரின் உறுதி வழியாகவும் பதிவேட்டைத் தேடலாம். சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல் ஆகியவை நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டும். எல்லையைக் காட்டாது.

எல்லையைக் காட்ட நில அளவையாளர் வேண்டும். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா, அந்த ஆண்டுக்கான அனுமதி அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அளக்கும் நாளில் அயலவரும் நிற்க வேண்டும். ஒருவர் தனியாக அளந்த படத்தை மற்றவர் ஏற்கமாட்டார்.

மண்முனைப் பாலம் அப்போது திறக்கப்படவில்லை. அளவையாளர் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்து வந்தார். ஒரு பக்கம் மட்டும் அளக்க அவர் சம்மதிக்கவில்லை. சகோதரிகளின் மூன்று துண்டையும் சேர்த்தே அளந்தார். முடிவு இதுதான்: 40 அடி நீள அத்திவாரம், ஒரு முனையில் 16 அங்குலமும் மறுமுனையில் 3 அங்குலமும் என் பக்கம் வந்திருந்தது. மொத்தம் 32 சதுர அடிக்கும் குறைவு. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

அதே படம் இன்னொன்றையும் காட்டியது. வடக்குப் பக்கத்தில் என் குளியலறைச் சுவர், கொழும்பில் இருக்கும் பெரியம்மாவின் மகளுடைய காணிக்குள் ஓரடி போயிருந்தது. அதை நான்தான் 2009இல் கட்டினேன். நானும் நூல் பிடித்துத்தான் கட்டினேன். அன்று முதல் என் குரல் கொஞ்சம் இறங்கியது. அளக்கக் கூப்பிடுகிறவர்கள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

எங்கே போவது?

பிரதேச சபையோ மாநகர சபையோ: 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதியில், அனுமதி பெறாமல் கட்டடம் எழுப்ப முடியாது. அயலவர் அனுமதி எடுத்தாரா, எடுத்த படத்தின்படி கட்டுகிறாரா என்று எழுத்தில் முறையிடலாம். ஆனால் சபையின் அனுமதி காணி உரித்துக்கான தீர்ப்பல்ல. அனுமதி இருப்பதால் மட்டும் உங்கள் நிலம் அவருக்குப் போய்விடாது.

மத்தியஸ்த சபை: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள் வழக்குக்கு முன் இங்கே வரவேண்டும். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. உங்கள் பகுதிக்கு எது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பொலிஸ்: எல்லை எது என்று பொலிஸ் தீர்மானிக்க முடியாது. அடிதடி வரும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பொலிஸ் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியுடன் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இந்தக் கட்டளை தற்காலிகமானது. உரித்தை முடிவு செய்யாது.

மாவட்ட நீதிமன்றம்: உரித்துக்கும் எல்லைக்கும் இறுதி இடம் இதுதான். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். முழு வீடும் எழும்பிய பிறகு போனால், இடிக்கச் சொல்லாமல் நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்களா என்ற கேள்வியும் வரும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

காணி இன்னும் பிரிபடாமல் சகோதரர்களுக்குப் பொதுவாக இருந்தால் தாண்டுவதற்கு எல்லையே இல்லை. அப்போது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டமே வழி. அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே நொத்தாரிசு வைத்து நீங்களாகத் துண்டு மாற்றிக்கொள்ள முடியாது.

பத்து வருடக் கணக்கு

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, இடையறாமல் 10 வருடம் ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் வழக்கிட முடியாமற் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கில் இருந்து கழித்தது. ஆனால் வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும் என்றது. அந்தக் கால எல்லை முடிந்துவிட்டது. போர் முடிந்தும் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆகவே "சண்டைக் காலம்தானே" என்ற நம்பிக்கையில் இருக்க முடியாது.

கடிதம் போட்டதால் மட்டும் இந்தக் கணக்கு நின்றுவிடாது. வழக்குப் போட்டால் நிற்கும். "இது உங்கள் நிலம்தான், தெரியாமல் கட்டிவிட்டோம்" என்று அயலவர் எழுதிக் கையெழுத்திட்டாலும் உங்களுக்குப் பலம். லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள் இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறையாவது காணியைப் பார்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் முடிவு

நாங்கள் மத்தியஸ்த சபைக்குப் போனோம். இரண்டாம் அமர்வில் சின்னம்மா வந்து நடுவில் இருந்தா. "இந்த வளவ எங்கட அம்மா பிரிச்சது நீங்க சேர்ந்து இருக்கத்தான்" என்று மட்டும் சொன்னா. 16 அங்குலம் வந்த முனையில் வீட்டின் விறாந்தை மட்டுமே இருந்தது. அந்த அத்திவாரத்தை உடைத்துப் பின்னால் எடுத்தார்கள். அறைச்சுவரை இடிக்க நான் கேட்கவில்லை. அது பிடித்த நிலத்துக்குச் சரியான அளவை வாவிப் பக்கம் எனக்கு மாற்றி எழுதினார்கள். கூரைத் தண்ணீர் என் பக்கம் விழாதபடி பீலி போடுவதென்றும் எழுதினோம். அளவைச் செலவும் உறுதிச் செலவும் பாதிப்பாதி. பெரியம்மாவின் மகளிடம் நானே தொலைபேசியில் சொல்லி, குளியலறைச் சுவரை உடைத்துக் கட்டினேன்.

புதிய படமும் புதிய உறுதியும் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்று. நான்கு மூலையிலும் எல்லைக்கல் இருக்கிறது. அந்த வீடும் வளவும் இனி என் மகளுக்கு. பக்கத்து வளவு தங்கச்சியின் மகளுக்கு. எது யாருடையது என்று அவர்கள் இருவரும் எங்களைப் போல நினைவில் தேட வேண்டியதில்லை.