6746328388800 (எண்)

6746328388800 (இந்திய முறையில் 67,46,32,83,88,800) என்பது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஒரு பகு எண் ஆகும். இது ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு எனப் படிக்கப்படும். கணிதமேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) 1915ஆம் ஆண்டு வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் கடைசியாக நிற்கும் எண் இதுவே.

உயர் பகு எண்

தன்னைவிடச் சிறிய எந்த இயல் எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 1 முதல் 11 வரையுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் வகுஎண்கள் இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண். இரண்டே வகுஎண்கள் கொண்ட பகா எண்ணுக்கு இது நேர் எதிரானது எனலாம்.

காரணிகளும் வகுஎண்களும்

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. (ஒரு வாரத்திலுள்ள நிமிடங்களும் இத்தனையே. 10080உம் ஓர் உயர் பகு எண் என்பது சுவையானது.) இந்த அளவிலுள்ள எண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 வகுஎண்களே உண்டு. இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 4497552259200க்கு 9216 வகுஎண்கள் உள்ளன.

காரணிகளின் அமைப்பும் தற்செயலானது அன்று. உயர் பகு எண்ணில் 2 முதல் ஒரு குறிப்பிட்ட பகா எண் வரை எல்லாப் பகா எண்களும் இடைவிடாமல் வரவேண்டும், அடுக்குகள் ஏறக்கூடாது. 2⁶ × 3⁴ என்பதற்குப் பதிலாக 2⁴ × 3⁶ என வைத்தால் வகுஎண்களின் எண்ணிக்கை மாறாது, ஆனால் எண் பெரிதாகிவிடும். 23ஐ நீக்கி 29ஐச் சேர்த்தாலும் அவ்வாறே. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டு எண்களைத் தவிர எப்போதும் 1 ஆகவே இருக்கும் என்பதை இராமானுசன் நிறுவினார்.

இவ்வெண் 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும், 29ஆல் வகுபடாது. 1 முதல் 28 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கான 80313433200இன் 84 மடங்கு இது. இதன் எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகை 39413832353280, அதாவது எண்ணைப்போல் ஏறத்தாழ 5.84 மடங்கு.

இராமானுசனின் பட்டியல்

சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன் 1914இல் கேம்பிரிட்சு சென்றார். உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915இல் வெளிவந்தது. இதற்காகவே 1916இல் அவருக்கு ஆய்வின்வழி இளங்கலைப் பட்டம் வழங்கப்பட்டது. கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி ழான்-லூயி நிக்கோலா, கி ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல்தான் வெளியானது.

கணினி இல்லாக் காலத்தில் கையால் கணித்த அப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. பின்னர் சரிபார்க்கப்பட்டபோது ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பது தெரியவந்தது. அது 293318625600. 5040 வகுஎண்கள் கொண்ட இவ்வெண், 240940299600க்கும் 321253732800க்கும் இடையே வந்திருக்க வேண்டியது. விடுபட்ட அவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800 ஆகும். கட்டுரையின் தேற்றங்கள் எவற்றையும் இவ்விடுபடல் பாதிக்கவில்லை.