முன் ஆக்சிலுக்கு ஓய்வு கொடுத்த கதை

நாமக்கல்லில் கிளம்பி சேலம் வரைக்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். பத்துச் சக்கரம், பன்னிரண்டு, பதினான்கு, டிரெய்லர் என்றால் அதற்கும் மேலே. எல்லாம் ஓடுகிறது, ஆனால் எஞ்சினின் விசை போவது பின்னால் இருக்கும் ஒன்றிரண்டு ஆக்சில்களுக்கு மட்டும்தான். முன்சக்கரத்தின் வேலை வழி திருப்புவது, பாரம் தாங்குவது. இழுப்பது அதன் வேலை இல்லை.

இது நமக்கு இயல்பாகத் தெரிவதால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதே ஞாபகம் வருவதில்லை. எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு பட்டறை. நண்பன் ஒருவன் ஏலத்தில் வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டே இருக்கும் ரகம்.

“ஏனுங்ணா, இந்த ஃபுல்-டைமை பார்ட்-டைமா மாத்திரலாமுங்களா?”

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. “மாத்தலாம் தம்பி. எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க.”

நண்பனிடம் பதில் இல்லை. அந்த ‘எதுக்கு’க்குப் பதில் தேடிப் போனால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. அதாவது முன்னால் இருப்பவை கொஞ்சம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு ஆக்சிலையும் இறுக்கிக் கட்டிவிட்டால் இந்த வித்தியாசம் எங்கே போகும்? சேற்றில், மணலில் டயர் லேசாக வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார் ரோடு வழுக்க விடாது. முறுக்கு ஷாஃப்ட்டில் ஏறும், பல்சக்கரத்தில் ஏறும், டயர் தேயும். சில நேரம் லீவரைப் பிடித்து இழுத்தாலும் கியர் விடுபடாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைப்பது. அது முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிட்டு, வேக வித்தியாசத்தை அனுமதிக்கும். இது ஃபுல்-டைம். இன்னொன்று, நடு டிஃபரன்ஷியலே வேண்டாம் என்று சொல்லி, தேவைப்படும்போது மட்டும் முன் ஆக்சிலைச் சேர்க்க ஒரு லீவர் வைப்பது. இது பார்ட்-டைம். முதலாவதில் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதில் டிரைவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் உலகப் போரில் பெயர் வாங்கியது முதல் வழி. அமெரிக்காவின் விஸ்கான்சினில், கிளின்டன்வில் என்ற சிற்றூரில் தயாரான எஃப்.டபிள்யூ.டி. மாடல் பி லாரிக்கு நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், நடுவில் பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல். ஐரோப்பியப் போர்முனைச் சேற்றில் அது பீரங்கிக் குண்டுகளைச் சுமந்தது. இரண்டாம் உலகப் போருக்குள் ராணுவங்கள் பெரும்பாலும் லீவருக்கு வந்துவிட்டன. ஜீப், ஜி.எம்.சி.யின் ஆறு சக்கர இழுவை லாரி, கனடாவில் செய்த ஃபோர்டு, செவர்லே ராணுவ லாரிகள் எல்லாவற்றிலும் முன் ஆக்சிலை டிரைவர் சேர்க்கலாம், விடுவிக்கலாம். கனடா மட்டும் அந்தப் போருக்காக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்தது. ஜி.எம்.சி. அந்த ஒரு ரகத்தில் 5 லட்சத்தைத் தாண்டியது.

போர் முடிந்ததும் இவையெல்லாம் என்ன ஆயின? பர்மா முனைக்காக இந்தியாவில் குவிந்திருந்த வண்டிகளை ஏற்றித் திரும்ப அனுப்புவது கட்டுப்படியாகாத வேலை. 1946-ல் அமெரிக்காவும் இந்திய அரசும் உபரிப் பொருள்கள் பற்றி ஒப்பந்தம் போட்டன. ‘டிஸ்போசல்’ என்ற சொல் நம் பேச்சில் புகுந்தது இப்படித்தான். போர்க்காலத்தில் பெட்ரோல் ரேஷனால் மெட்ராஸ் மாகாணத்தில் கரி வாயுவில் பஸ் ஓடியது, பெரியவர்கள் ‘கரி பஸ்’ என்பார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு கைக்கு வந்த டிஸ்போசல் லாரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அது போருக்குச் செய்த லாரி. பெட்ரோல் குடிக்கும். சேறும் காடும் தாண்டச் செய்த முன் ஆக்சிலைச் சமவெளியின் சாலையில் வெறுமனே சுமந்து போகும். சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் லோடில் குறையும் கிலோ. இப்படிப்பட்ட வண்டியைச் சாலைக்குப் பழக்குவது அன்று உலகம் முழுக்க நடந்த வேலை. 1948-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் போர் ஜீப்புகளுக்காகவே ஒரு ஹப் செய்து விற்கத் தொடங்கினார். முன்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து கையாலேயே கழற்றிவிடும் ஹப். சக்கரம் மட்டும் உருளும், உள்ளே ஷாஃப்ட்டும் கிரவுனும் தூங்கும். இங்கே மெட்ராஸ் சிம்ப்சன் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்ய ஆரம்பித்தது 1950களில். அசோக் லேலண்டும் டாடா-பென்ஸும் வந்த பிறகு, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டீசல் லாரியே இந்தியச் சாலையின் இலக்கணம் ஆனது. 1970களில் நேஷனல் பெர்மிட் வந்ததும் சேலம், சங்ககிரி, நாமக்கல் லாரிகள் காஷ்மீர் வரைக்கும் போனது அந்த இலக்கணத்தில்தான்.

தயாரிப்பாளர்களும் இந்த ஊசலாட்டத்தில் இருந்தார்கள். 1948-ல் வந்த முதல் லேண்ட் ரோவர் ஃபுல்-டைம்தான். நடு டிஃபரன்ஷியலுக்குப் பதில் முன்பக்கம் ஒரு ஃப்ரீவீல் வைத்திருந்தார்கள். 1950-ல் அதைத் தூக்கிவிட்டு லீவருக்கு மாறினார்கள். 1970-ல் அதே கம்பெனியின் ரேஞ்ச் ரோவர் மறுபடி ஃபுல்-டைம். அமெரிக்காவில் 1970களின் பெரிய பிக்கப்புகளில் என்.பி. 203 என்ற ஃபுல்-டைம் டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்தது. எண்ணெய் நெருக்கடி விலையை ஏற்றியதும் மக்கள் அதைப் பார்ட்-டைம் ஆக்கும் கிட்டுகளைத் தேடினார்கள். 1980 மாடல்களில் கம்பெனிகளே பார்ட்-டைமுக்குத் திரும்பின.

இனி அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். முன் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டால் முடிந்தது என்று நினைப்போம். ஃபுல்-டைம் வண்டியில் அப்படிச் செய்தால் வண்டி நகரவே நகராது. டிஃபரன்ஷியல் எப்போதும் எளிதாகச் சுற்றும் பக்கத்துக்கே ஓடும். ஷாஃப்ட் இல்லாத பக்கம் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும், பின்சக்கரம் சும்மா நிற்கும். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து, நடு டிஃபரன்ஷியலை எடுத்து, அந்த இடத்தில் பின்பக்கத்தை நேராகப் பூட்டி, முன்பக்கத்தை லீவரால் சேர்க்கும் பாகத்தை வைக்க வேண்டும். அப்புறம் முன்சக்கரத்தில் கழற்றிவிடும் ஹப். ஹப் இல்லாவிட்டால் சக்கரமே ஆக்சிலைத் திருப்பிச் சுழற்றும், மிச்சம் பெரிதாக இருக்காது. மாற்றிய பிறகும் அவ்வப்போது ஹப்பைப் பூட்டி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஆக்சில்களில் முன்சக்கர மூட்டுக்கு எண்ணெய் ஏறாமல் காய்ந்துவிடும்.

‘தேவைப்படும்போது மட்டும் விசை’ என்ற யோசனை இந்த ஊருக்குப் புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பாருங்கள். சில வண்டிகளில் ஒரே எஞ்சின்தான். ஓடும்போது விசை சக்கரத்துக்குப் போகும், தோட்டத்தில் நின்றதும் அதே விசை கம்ப்ரசருக்குத் திரும்பும். கருங்கல்லைத் துளைத்துத் தண்ணீர் தேடும் மண்ணில் எஞ்சினைச் சும்மா சுற்றவிட யாருக்கும் மனசு வராது.

மறுபடி பட்டறைக்கு வருவோம். நண்பன் ஒருவழியாக “மைலேஜுக்குத்தானுங்ணா” என்றான். அங்கேதான் வரலாறு அவனை மடக்கியது. 2021-ல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் விதிப்படி, 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை ‘விஏ’ எழுத்துகளோடு பதியலாம். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஓட்டவும் கூடாது, வியாபாரத்துக்கும் விடக் கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போய் வரும் வண்டிக்கு மைலேஜ் எதற்கு? சாதாரணப் பதிவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் 52-ஆம் பிரிவு நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை உறுதி செய்தது.

ஆனால் மெக்கானிக் வேறு கணக்கு வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து, தேய்ந்த பல்லை விரலால் தடவிக் காட்டினார். “இதுக்கு ஸ்பேர் கெடைக்காது தம்பி. தார் ரோட்டுல ஓட்டி ஓட்டியே இது செத்துரும். பெட்ரோல்ல மிச்சம் பாக்காதீங்க, இதுல பாருங்க.”

மூலத்தை அப்படியே ஓட்டினால் மூலம் அழியும். காப்பாற்ற வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். டிஸ்போசல் காலத்தில் முன் ஆக்சிலைக் கழற்றியவர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்திருக்காது. அவர்களுக்கு அது பிழைப்புக்கான லாரி, அவ்வளவுதான்.

எந்த இடத்திலும் வெட்டாமல், வெல்டு வைக்காமல், நாளைக்கே திருப்பி மாட்டும்படி செய்யலாம் என்றார். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு வரச் சொன்னார். நண்பன் மனுவோடு போயிருக்கிறான். அந்த டிஃபரன்ஷியல் இப்போது கிரீஸ் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பட்டறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.