‘வாரியர்’ பயண அறிக்கை: ஒரு மறுவாசிப்பு

சரக்குப் பெட்டகத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் சான்று ஒன்று உண்டு. 1954இல் நியூயார்க்கின் புரூக்ளின் துறையிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்கு ராணுவச் சரக்குடன் சென்ற ‘வாரியர்’ கப்பலைப் பற்றி அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு தயாரித்த அறிக்கை அது. மொத்தச் செலவு 2,37,577 டாலர். அதில் கடற்பயணத்தின் பங்கு 11.5 விழுக்காடு, இரு துறைமுகங்களிலும் சரக்கைக் கையாண்டதன் பங்கு 36.8 விழுக்காடு. இந்த எண்களிலிருந்துதான், துறைமுகக் கூலியைக் குறைத்ததே பெட்டகத்தின் வெற்றி என்ற முடிவு பிறந்து, இன்று பாடநூல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அறிக்கையின் நாட்கணக்கைச் செலவுக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அந்த முடிவு நிற்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த 2,37,577 டாலருக்குள் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். கப்பல் நியூயார்க் திரும்பிய செலவு அதில் இல்லை. வழியிலும் கொட்டகையிலும் கிடந்த சரக்கில் முடங்கிய முதலுக்கான வட்டியும் இல்லை. அதாவது, காலத்துக்கு இந்தப் பட்டியலில் விலையே கிடையாது. காலத்தை விலையின்றி விட்டுவிட்ட கணக்கைக் கொண்டு, காலத்தைவிடக் கூலியே பெரிய சுமை என்று நிறுவ முடியாது. 36.8 என்பது பிழையான எண் அல்ல. நாம் கேட்கும் கேள்விக்கு அது விடை அல்ல, அவ்வளவுதான்.

இனி நாட்கணக்கு. கப்பலில் ஏறியது 5,015 டன் சரக்கு: பெட்டி, அட்டைப்பெட்டி, மூட்டை, கட்டு, வாகனம் என 1,94,582 உருப்படிகள். இவை 151 அமெரிக்க நகரங்களிலிருந்து 1,156 தனித்தனி அனுப்பீடுகளாக வந்தன. புரூக்ளினில் ஏற்ற ஆறு நாட்கள் ஆயின; அவற்றில் ஒன்று வேலைநிறுத்தத்தில் கழிந்தது. கடலில் பத்தரை நாள். பிரேமர்ஹாவனில் இரவு பகலாக வேலை நடந்து நான்கு நாட்களில் இறக்கிவிட்டார்கள். ஆனால் கடைசிச் சரக்கு உரியவரிடம் சேர்ந்தது கப்பல் கரை தொட்ட 33ஆம் நாளில். நியூயார்க்கை விட்ட 44ஆம் நாளில். முதல் சரக்கு அதன் ஊரிலிருந்து புறப்பட்ட 95ஆம் நாளில்.

கழித்துப் பார்த்தால், கப்பல் கிளம்புவதற்கு 51 நாட்கள் முன்பே முதல் சரக்கு புறப்பட்டுவிட்டது. 95 நாட்களில் கப்பலில் ஏற்றி இறக்கக் கழிந்தவை, வேலைநிறுத்த நாளையும் சேர்த்து, பத்தே நாட்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முதலில் புறப்பட்டதும் கடைசியில் சேர்ந்ததும் ஒரே பொருள் அல்ல. ஆகவே 95 நாள் எந்தத் தனிப் பெட்டியின் பயணக் காலமும் ஆகாது. அது முழுத் தொகுதியின் வெளி எல்லை. சராசரி இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஏற்றும் வேகம் கூடியிருந்தால் கொட்டகைத் தேக்கமும் ஓரளவு குறைந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். அப்படியும் வாதத்தின் அடித்தளம் அசையவில்லை. ஏற்றி இறக்கும் வேலை ஒரு நொடியில் முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும் நேரடியாக மிச்சமாவது பத்து நாட்கள்தான். எஞ்சியவற்றில் கடல் நாட்கள் போக, பெரும்பகுதி சரக்கைச் சேர்ப்பதிலும் பிரித்து அனுப்புவதிலும் கழிந்தது. 1,156 அனுப்பீடுகளை ஒரே கப்பலுக்காகத் திரட்டும்போது, முன்னால் வந்தது பின்னால் வருவதற்காகக் காத்துக்கிடக்கும். எவ்வளவு விரைவாகத் தூக்கினாலும் இந்தக் காத்திருப்பு தீராது.

ஜெர்மன் துறைமுகத் தொழிலாளியின் கூலி அப்போது அமெரிக்கக் கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்கக் கூலியைப் பொருத்தினால் 36.8 இன்னும் உயரும் என்று மறுப்புரை எழலாம். உயரட்டும். விழுக்காடு மாறுமே ஒழிய ஒரு நாள்கூட மாறாது. ராணுவச் சரக்கை வைத்து வணிகத்தை அளக்கலாமா என்ற கேள்விக்கும் நெடிய விடை தேவையில்லை: சரக்கு திரளும் காலத்தைத் தீர்மானிப்பவை கப்பலின் கொள்ளளவும் அனுப்பீடுகளின் எண்ணிக்கையும், உரிமையாளர் யார் என்பதல்ல.

1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் சென்ற ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலை எதிர்ச்சான்றாகக் காட்டுவோரும் உண்டு. டன்னுக்கு 5.83 டாலராக இருந்த ஏற்றுகூலி 15.8 சென்டாகச் சரிந்தது என்ற புகழ்பெற்ற ஒப்பீடு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது சுங்கச் சாவடி குறுக்கிடாத உள்நாட்டுக் கடலோரப் பயணம். பன்னாட்டு வணிகத்தின் தாமதங்களைப் பற்றி அதனால் எதையும் சொல்ல முடியாது.

அறிக்கையை எழுதியவர்களே நம் வாசிப்புக்குத் துணை நிற்கிறார்கள். அனுப்புவோர் முதல் பெறுவோர் வரையிலான போக்குவரத்து முறை என்றே தலைப்பில் தங்கள் எல்லையை வகுத்தார்கள். தொழிலாளர் திறனைக் கூட்டும் வழக்கமான அறிவுரையோடு நிறுத்தாமல், சரக்கை வழியில் உதிரியாகப் பிரிக்க நேராத விதத்தில் கட்டவும் நகர்த்தவும் அடுக்கவும் வழி தேடச் சொன்னார்கள். பெட்டகம் செய்ததும் அதுவே. துறைமுகக் கொட்டகையில் நடந்த சேர்ப்பு வேலை தொழிற்சாலை வாசலுக்கு இடம் மாறியது. கூலி குறைந்தது அதன் விளைவுகளில் ஒன்று.

36.8 விழுக்காட்டை இனி எடுத்தாள்வோர், அந்தக் கணக்கில் சரக்கின் மீதான வட்டி சேர்க்கப்படவில்லை என்பதையும் 95 நாள் என்ற எல்லையையும் அதே பத்தியில் குறிப்பிட வேண்டும்.