ப்ளோட்

ஐஸ்லாந்தில் ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் அதற்கு ‘ப்ளோட்டா’ என்று பெயர். அதே வினைச்சொல்லின் பழைய பொருள், பலியிட்டுத் தெய்வத்தை வணங்குதல். ‘ப்ளோட்’ என்றால் அந்தப் படையல்.

கி.பி. 1000 வாக்கில் அல்திங்கு என்னும் நாட்டு மன்றம் கிறித்தவத்தை ஏற்றது. வீட்டுக்குள் ரகசியமாகப் படைப்பதை மட்டும் சில காலம் விட்டுவைத்தார்கள். பிறகு அதுவும் போயிற்று. கும்பிட்ட சொல் வசவானது. ஜெயித்த மதம் அகராதியிலும் கை வைக்கும் போல.

1972இல் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற கவிஞர், ஆடு வளர்க்கும் விவசாயியும்கூட, அந்தப் பழைய வழிபாட்டை மீட்கச் சிலரைச் சேர்த்துக்கொண்டு ‘ஆசாத்ரூ’ சங்கத்தைத் தொடங்கினார். ‘ஆசா’ தேவர் கூட்டம், ‘த்ரூ’ நம்பிக்கை. மறுவருடமே அரசு அங்கீகாரமும் கிடைத்தது. அவர்களுடைய ப்ளோட்டில் பலி இல்லை. திறந்தவெளியில் வட்டமாக நிற்கிறார்கள். மது நிரப்பிய மாட்டுக்கொம்பு கைமாறுகிறது. பழைய தெய்வங்களான தோரையோ ஃப்ரேயாவையோ, செத்துப்போன பாட்டனையோ சொல்லி ஒரு மிடறு குடித்து, அடுத்தவரிடம் நீட்டுகிறார்கள். அப்புறம் பந்தி.

நடுக்குளிரில் வரும் ‘தோர்ராப்ளோட்’ விருந்துக்கு மதபேதம் கிடையாது. அவித்த ஆட்டுத்தலையோடு நொதித்த சுறாவும் வைப்பார்கள். அந்த நெடி முதல்முறை மூக்கில் ஏறியவர் வாயில் வருவது எந்தப் பொருளிலான ப்ளோட்டோ!